நகையும் அழுகையும்

நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், எமது பாடசாலையின் ஆண்டு மலருக்கென வந்து குவிந்த ஆக்கங்களுள் ஒரு சிறுகதையை நாமே எம் கையால் விலக்கினோம். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது அது. பெயர் ‘விண்ணப்பம்’. 1990ஆம் ஆண்டு காணாமற்போன மகனைத் தேடி ஒரு கிழவி அலுவலகம் ஒன்றுக்கு நடக்கிறாள். அங்கே ஒரு படிவம் கொடுக்கிறார்கள். ‘காணாமற்போனவரின் தற்போதைய முகவரி’ என்று அதில் ஒரு கட்டம் இருக்கிறது. அது தெரிந்தால் தான் ஏன் இங்கு வருகிறேன் என்று கிழவி கேட்கிறாள். கட்டத்தை வெறுமையாக விட இயலாது என்கிறார் எழுதுவினைஞர். அவர் கெட்டவர் அல்லர். கிழவிக்கு நாற்காலி தருகிறார், தேநீர் தருகிறார், நெடுநேரம் யோசிக்கிறார். இறுதியில் மகனுடைய கோப்பு அந்த அலுவலகத்திலேயே இருப்பதால் அலுவலகத்தின் முகவரியையே எழுதிவிடுகிறார். அன்று தொட்டு மகனுக்கு வரவேண்டிய கடிதங்களை அலுவலகம் தனக்குத் தானே அனுப்பிக்கொள்கிறது.

இதனைப் படித்து நாம் சிரித்தோம். சிரித்துவிட்டோமே என்று உடனே வெட்கினோம். அவளை அழைத்து, “இது சிரிக்கிற காரியமா பிள்ளை?” என்று கேட்டோம். அவள் சற்றும் தயங்காமல், “சேர், இத எங்கட அம்மம்மா சிரிச்சிச் சிரிச்சித்தான் சொல்லுவா” என்றாள். அதற்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. எனினும் கதை மலரில் இடம்பெறவில்லை. துயரத்தைக் கேலி செய்தல் தகாது என்ற கொள்கையினால் அதனை விலக்கினோம் என்று அப்போது எமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். உண்மையில் அதிபர் என்ன சொல்வாரோ என்ற அச்சமே முதலில் வந்தது; கொள்கை அதன் பின்னால் வந்து சேர்ந்தது.

அந்த விடையைத் தேடியே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுமிடத்து நகையை முதலாவதாகவும் அழுகையை அதற்கு அடுத்ததாகவும் வைத்துள்ளார். நகை பிறக்கும் நிலைக்களங்களுள் எள்ளல் ஒன்று. அழுகை பிறக்கும் நிலைக்களங்களுள் இழப்பும் வறுமையும் உள. வந்தாறுமூலையில் நாம் தமிழ் கற்ற காலத்தில் இவற்றைத் தனித்தனியே மனனஞ் செய்து தேர்வு எழுதித் தேறினோம். இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடப்பவை என்பதைத் தேர்வு எமக்குக் கற்பிக்கவில்லை. அந்த வளாகமோ, 1990 செப்டெம்பர் 5ஆம் நாள், அடைக்கலம் புகுந்திருந்தோரில் 158 பேர் படையினராற் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பி வராத இடம். அதே மண்ணிலேயே இருந்துகொண்டு, நகை வேறு அழுகை வேறு எனப் பாகுபடுத்திக் குறிப்பெடுத்தோம் நாம்.

எள்ளலைக் கொண்டு அழுகையைச் சொல்லும் வித்தையைத் தமிழ்ச் சிறுகதையில் முற்றாகக் கைவரப்பெற்றவர் புதுமைப்பித்தன் (1906–1948) என்பதில் ஐயமில்லை. பாடத்திட்டத்துக்குப் புறம்பாக அவருடைய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் வாசித்துக் காட்டுவது எமது வழக்கம். 1943இல் வெளிவந்த கதை அது. சென்னைத் தெருமுனையில் கடவுள் மனித வடிவில் தோன்றி, சித்த வைத்தியப் பத்திரிகை ஒன்று நடத்தும் கந்தசாமிப் பிள்ளையிடம் வழி கேட்கிறார். பிள்ளை அவரைக் காப்பிக் கடைக்கு அழைத்துச் செல்கிறார். காப்பியின் சுவையைக் கடவுள் தம்முடைய லீலையாகக் கருத, அது ஓட்டற்காரன் கலந்த சிக்கரியின் லீலை என்று பிள்ளை திருத்துகிறார். பத்திரிகைக்கு ஆயுட்சந்தா கேட்கும்போது, யாருடைய ஆயுள் என்ற வினா எழுகின்றது. இந்த இடத்தில் பிள்ளைகள் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள்.

2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்ததன் பின், நகரெங்கும் சோதனை நிகழ்ந்துகொண்டிருந்த மாதங்களில் இக்கதையை வாசித்தோம். பின் வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “கடவுள் மட்டக்களப்புக்கு வந்தா அடையாள அட்டை கேப்பாங்களா, சேர்?” என்றான். வகுப்பே சிரித்தது. அவ்வகுப்பில் அந்த ஞாயிற்றுக்கிழமை தம் உறவினரைப் பறிகொடுத்த பிள்ளைகளும் இருந்தனர். அவர்களும் சிரித்தார்கள். புதுமைப்பித்தனை அன்று அவர்கள் விளங்கிக்கொண்ட அளவுக்கு நாம் எந்த உரையாலும் விளக்கியிருக்க முடியாது.

அக்கதையின் நகை யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். கந்தசாமிப் பிள்ளை சிறு சூது நிறைந்த மனிதர்தாம். இருப்பினும் ஆசிரியர் அவரை இழிவு செய்யவில்லை. உலகைப் படைத்தவருக்கே அந்த உலகிற் பிழைக்கத் தெரியவில்லை. பிழைப்புக்காகத் தேவியும் தாமும் ஆடிக் காட்டிய நடனம் கனவான் ஒருவரின் கூடத்தில் எடுபடாமற் போகிறது. எட்ட நின்று வரங் கொடுக்கலாம், கூட இருந்து வாழ இயலாது என்ற முடிவுக்குக் கடவுள் வருகிறார். வறியவனின் அன்றாடம் அவ்வளவு கடினமானது. கடவுளே தோற்று ஓடும் இடத்தில் அவன் தன் மனைவி மக்களுடன் குடியிருக்கிறான். இதனை நேராகச் சொல்லியிருந்தால் பிரசாரம் என்று ஒதுக்கியிருப்போம்.

‘பொன்னகரம்’ இன்னும் கொடியது. 1934இல் எழுதப்பட்ட அச்சிறுகதையில் நகரின் சேரி ஒன்றை ஏதோ சுற்றுலா வழிகாட்டியைப்போல் ஏளனக் குரலில் வருணித்துச் செல்கிறார். விபத்தில் அடிபட்டுக் கிடக்கும் வண்டிக்காரக் கணவனுக்குப் பால்கஞ்சி வேண்டியிருக்கிறது. அதற்காக அம்மாளு இருட்டுச் சந்தில் முக்கால் ரூபாய் ஈட்டுகிறாள். அதனைச் சொல்லி முடித்ததும் ஆசிரியரின் ஏளனம் சட்டென்று திரும்பி, கற்பைப் பற்றிப் பேசிப் பழகிய எம்மை நோக்கிப் பாய்கின்றது. அதுவரை புன்னகையுடன் கூடவே நடந்து வந்த வாசகன் தானே குற்றவாளிக் கூண்டில் நிற்பதைக் காண்கிறான். ‘மகாமசானம்’ கதையிலோ சினமும் இல்லை. பட்டணத்து நடைபாதையில் ஒருவன் செத்துக்கொண்டிருக்கிறான். ஊர் தன்பாட்டில் நடக்கிறது. பக்கத்தில் மாம்பழ வியாபாரமும் நடக்கிறது. இக்கதையை வாசித்தபோது எந்த வகுப்பும் சிரித்ததாக எமக்கு ஞாபகம் இல்லை.

முற்போக்கு அணியைச் சேர்ந்த திறனாய்வாளர் சிலர் புதுமைப்பித்தனிடம் நம்பிக்கை வறட்சியைக் கண்டு குறை கூறினர். அவரும் அதனை மறுக்கவில்லை. இதில் நாம் அக்குறை கூறியோரின் பக்கம் நிற்கவில்லை. நம்பிக்கை முற்றாக அற்றவன் கடவுளைக் காப்பிக் கடைக்கு இழுத்துவந்து கணக்குக் கேட்கமாட்டான்; வாயை மூடிக்கொண்டு படுத்திருப்பான்.

ஆயினும் எல்லாச் சிரிப்பும் எமக்கு உடன்பாடன்று. எமது பாடசாலை மேடைகளில் நகைச்சுவை நாடகம் என்றால் யாரைக் காட்டுகிறார்கள்? திக்கிப் பேசுபவனை, கறுத்தவனை, தோட்டத்துத் தமிழ் பேசுபவனை, முஸ்லிம் வியாபாரியின் உச்சரிப்பை. அரங்கு அதிரும், பரிசும் கிடைக்கும். நாமே நடுவராக இருந்து அத்தகைய நாடகம் ஒன்றுக்கு முதற்பரிசு கொடுத்ததும் உண்டு. இச்சிரிப்பு மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி எறியப்படும் கல். நாம் பேசும் எள்ளலோ பள்ளத்தில் நிற்பவன் மேட்டை நோக்கி எறிவது. சில வேளை தன்னையே நோக்கி எறிந்துகொள்வது.

2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோளின் பின் எம் குடும்பம் பாடசாலைக் கட்டடம் ஒன்றில் முகாமிட்டிருந்தது. எமக்கு அப்போது பள்ளி வயது. கல்லடிக் கரையில் தோணி, வலை, வீடு மூன்றையும் இழந்த எம் மாமாவும் அங்கிருந்தார். நிவாரணப் பொதி ஒன்றைப் பிரித்தபோது அதற்குள் பனிநாட்டார் அணியும் தடித்த கம்பளிச் சட்டை ஒன்று இருந்தது. மட்டக்களப்பு வெக்கையில் அதனை மாமா அணிந்து, பொத்தான்களையும் பூட்டி, “நான் மீன் பிடிக்க லண்டனுக்குப் போறன், ஆரும் வாறீங்களா?” என்று மண்டபம் முழுவதும் நடந்தார். முகாமில் முதன்முதலாகச் சிரிப்பொலி கேட்டது. இழவு வீட்டார் சிரித்தார்கள். எம் தாயார் கண்ணீர் வரச் சிரித்தார். அவ்வேளை வாசலில் ஒளிப்படக் கருவியுடன் நின்ற வெளியூர்க் கனவான் ஒருவரும் சேர்ந்து சிரித்தார். மாமா ஒன்றும் பேசாமற் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டார்.

சொன்னது ஒரே பகடிதான். உள்ளே இருந்தவர்கள் சிரிக்கலாம் என்றும், வாசலில் நின்றவர் சிரிக்கலாகாது என்றும் மாமாவுக்கு யார் கற்பித்தது? கதை எழுதுபவன் எல்லாவற்றுக்கும் முன்னர் தெரிந்துகொள்ள வேண்டிய காரியம், தான் மண்டபத்துக்குள் நிற்கிறானா, வாசலில் நிற்கிறானா என்பதே.

இது எம் நாட்டாருக்குப் புதிதன்று. கண்ணகை அம்மன் வழிபாட்டுடன் ஒட்டிய கொம்பு விளையாட்டில் வாவிக்கரை ஊர்கள் வடசேரி, தென்சேரி என இரு கட்சிகளாகப் பிரிந்து, கொம்புகளைப் பூட்டி இழுத்து முறிக்கும். ஒரு கட்சியார் மறு கட்சியாரை வசைபாடுவர். மழை பொய்த்து நோய் பரவும் காலத்தில், அம்மனின் சினம் தணியும்பொருட்டு நடந்த விளையாட்டு அது என்பதை மறந்துவிடக்கூடாது. வறட்சியும் அம்மையும் நின்ற ஊரில் மக்கள் கூடிநின்று ஒருவரையொருவர் பழித்துச் சிரித்தார்கள். மகிடிக் கூத்தும் இத்தகைய பகடி நிறைந்ததே. பிற்காலத்தில், 1963இல் சுந்தர் தொடங்கிய ‘சிரித்திரன்’ ஏடு, சவாரித் தம்பரையும் மற்றோரையும் கொண்டு ஈழத்து நடுத்தர வர்க்கத்தின் போலிமைகளை மாதந்தோறும் தோலுரித்தது.

போர்க்காலம் இவ்வெள்ளலைக் கூர்மையாக்கிற்று. எமக்கு அண்மையிலுள்ள பாண்டிருப்பைச் சேர்ந்த உமா வரதராஜனின் ‘அரசனின் வருகை’ இதற்குத் தக்க சான்று. அழிந்துபோன ஓர் ஊருக்கு அரசன் எழுந்தருளுகிறான். எங்கும் பழைய அரசகதையின் மொழி. ஆனால் எந்த ஊர், எந்த அரசன் என்று எங்களில் எவரும் கேட்கமாட்டோம். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) பிரான்சில் அகதி அந்தஸ்துக் கோரும் விண்ணப்பத்துடன் தொடங்குகிறது. இருவர் செய்ததும் ஏறக்குறைய ஒரு காரியம்: அதிகாரம் பேசும் மொழியை, அல்லது அதிகாரம் கேட்கும் மொழியை, அப்படியே வாங்கி, அதற்குள் அந்த மொழி தாங்கமுடியாத ஒன்றை வைத்துவிட்டார்கள்.

1729இல் ஜொனதன் சுவிப்ட் செய்ததும் இதுதான். அயர்லாந்தின் வறுமை தீர, ஏழைகளின் குழந்தைகளைச் செல்வர் வீட்டு உணவுக்கு விற்கலாம் என்று, கணக்குகளுடன், பொருளியல் அறிஞர் ஒருவரின் அமைதியான நடையில் அவர் திட்டம் வரைந்தார். சீனத்தில் லூ சுன் 1921இல் எழுதத் தொடங்கிய ‘ஆ கியூவின் உண்மைக் கதை’யோ எம்மை இன்னும் நெருங்குகிறது. எழுத்தறியாத ஆ கியூவிடம் தாளொன்றைக் கொடுத்துக் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு வட்டம் போடச் சொல்கிறார்கள். தன் உயிரைப் போக்கும் தாள் அது என்பதை அவன் உணரவில்லை. கை நடுங்கி வட்டம் விதையைப்போல் நீண்டுவிடுகிறது. வட்டம் வட்டமாக வரவில்லையே என்றுதான் அவன் வெட்குகிறான். அவ்விடத்தை வாசிக்குந்தோறும் எமக்குச் சிரிப்பு எழும். எழுந்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாது. கிழவியின் படிவத்திலிருந்த வெறுங் கட்டத்தை நாம் மீண்டும் நினைத்ததும் அந்த வட்டத்தைப் படித்த ஓர் இரவில்தான்.

அந்த மாணவி இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். சென்ற மாதம் கல்லடிப் பாலத்தடியிற் பேருந்துக்கு நின்றவளைக் கண்டோம். அக்கதையை விலக்கியது எம் தவறு என்று சொன்னோம். ஆசிரியர் ஒருவர் இப்படிச் சொல்வது அவளுக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். செருப்பு நுனியால் மணலைக் கீறிக்கொண்டு நின்றாள். கதை இருக்கிறதா என்று கேட்டோம்.

“இருக்கு சேர். முடிவுதான் மாறிப் போயிற்று.”

“ஏன்?”

“அம்மம்மா போன வருசம் மோசம் போயிற்றா. முப்பத்தொண்டு முடிஞ்சி மறுகாதான் கடிதம் வந்த. விசாரணையாம். அவ நேர்ல வரணுமாம். அடையாள அட்டையும் கொண்டு வரணுமாம்.” அவள் சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. “வராட்டி, வராததுக்குக் காரணத்த அவவே எழுதி அனுப்பணுமாம், சேர்.”

பேருந்து வந்துவிட்டது. பழைய மாணவர் பகுதிக்கென இவ்வாண்டு மலரில் எட்டுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். அதில் நான்கை அவளுக்கென்று வைத்திருக்கிறோம். அதிபரிடம் இன்னும் சொல்லவில்லை.