அறை கட்டுமுன், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஜமுனாமரத்தூரில் நம் மலை நிலத்தில் விருந்தினர் விடுதி கட்டலாமா என்று கேட்டிருந்தாய். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ சதுப்பு நிலத்தில் ஒரு சஃபாரி விடுதியில் தங்கியிருக்கிறேன். உனக்குப் பதில் எழுத இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

தை, மாசியில் அங்கோலா மலைகளில் பெய்யும் மழை, நமீபியாவைத் தாண்டி, ஆனி ஆடியில்தான் இங்கே பெருக்கெடுக்கிறது. அப்போது இந்த ஊரில் ஒரு சொட்டு மழை கிடையாது. ஒகவாங்கோ கடலைச் சேராத ஆறு. கலஹாரி மணலில் விரிந்து, வெயிலில் வற்றிவிடும். சுற்றிலும் காய்ந்து கிடக்கும்போது இங்கே தண்ணீர் இருப்பதால் யானையும் காட்டெருமையும் தேடி வருகின்றன. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1000-வது இடமாக இந்தச் சதுப்பு நிலம் சேர்ந்தது.

நான் இருக்கும் விடுதி மரக்கால்கள் மேல் நிற்கும் சில கூடாரங்கள், அவ்வளவுதான். சிமெண்ட் தளம் போடவில்லை. நாளைக்கே பிரித்து எடுத்தாலும் புல் முளைத்துவிடும். நிலம் குத்தகைதான். பல இடங்களில் அந்தக் குத்தகைப் பணத்தில் ஒரு பங்கு ஊர் மக்களின் அறக்கட்டளைக்குப் போகிறது. லாபத்தில் பெரும்பகுதி வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போய்விடுகிறது என்ற குறையும் இங்கே உண்டு. அது நியாயமான குறை.

இருட்டிவிட்டால் காவலாள் துணையில்லாமல் கூடாரத்தைவிட்டு இறங்கக் கூடாது. நீர்யானை கரையேறி மேயும் நேரம் அது. விளக்குகளையும் குறைத்துவிடுகிறார்கள். அப்போது தெரியும் வானத்தைப் பார்த்ததும் நம் காவலூர் வானாய்வகம்தான் நினைவுக்கு வந்தது. வானியலாளர் வைணு பாப்பு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே நம் மலையின் தெளிவான, இருண்ட வானத்துக்காகத்தானே! 1977-ல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததில் காவலூருக்கும் பங்குண்டு. 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இயங்குகிறது. மலையில் ஒவ்வொரு விடுதியும் இரவெல்லாம் வெள்ளை விளக்கு எரித்தால் அந்த வானம் போய்விடும்.

'மொகோரோ' என்னும் ஒடுங்கிய படகில் போனேன். முன்பு பெருமரத்தைக் குடைந்து செய்வார்கள். மரம் அழியாதிருக்க இப்போது பெரும்பாலும் ஃபைபரில் செய்கிறார்கள். பின்னால் நின்று கோல் ஊன்றியவர் உள்ளூர்க்காரர். நாணல் அசைவதை வைத்தே அதற்குள் என்ன நிற்கிறது என்று சொன்னார். அந்த அறிவுக்கு இங்கே சம்பளம் இருக்கிறது.

நம் பையன்களுக்கும் காடு தெரியும். ஆனால் அந்த அறிவை விலைக்கு வாங்கியவன் செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் தரகன். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் பலர் நம் மலைக்காரர்கள். அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. சாமை விதைத்து, புளி உலுக்கி மட்டும் வருஷம் ஓடாது. மலையைச் சுற்றிக்காட்டுவது நம்மவர்களின் தொழிலாக வேண்டும்.

அதனால் கட்டு, தம்பி. நாலு அறை போதும். ஓடையைவிட்டுத் தள்ளியே கட்டு. வருகிறவர்களுக்குச் சாமைச் சோறு போடு. பீமன் அருவிக்கு அழைத்துப்போக நம் ஊர்ப் பையன்களை மாதச் சம்பளத்துக்கு வை. அஸ்திவாரம் தோண்டுமுன் ஊர்ப் பெரியவர்களை உட்கார வைத்து, வருமானத்தில் ஊருக்கு எவ்வளவு என்று பேசி எழுதிக்கொள்.

அன்புடன்,
அண்ணன்