கோபுரத்தின் மொழி தெரியாத போன்

செல்போன் கடைக்கு வருபவர் கேமராவைத் திருப்பிப் பார்க்கிறார். பேட்டரி எத்தனை நேரம் தாங்கும் என்று கேட்கிறார். மாதத் தவணை உண்டா என்று விசாரிக்கிறார். இந்தப் போன் எந்தெந்த அலைவரிசைகளில் வேலை செய்யும் என்று கேட்பவர் அபூர்வம். கேட்டாலும் விற்பவருக்குப் பதில் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பெட்டியின் மீதுதான் 5ஜி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே, அதற்கு மேல் என்ன வேண்டும்?

இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பது தில்லி மயூர் விஹாரில் வசிக்கும் ஒரு தமிழ்த் தம்பதிக்கு ஒரு நவம்பர் மாதத்தில் தெரியவந்தது. கணவர் மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் தாக்கிய பிறகு உள்ளறைக் கட்டில்தான் அவருக்கு உலகம். ஓய்வூதியம் தொடர்ந்து வரவேண்டுமானால், வருடந்தோறும் நவம்பரில் தான் உயிரோடு இருப்பதை அவர் நிரூபித்தாக வேண்டும். முன்பு அதற்கு வங்கிக்குப் போகவேண்டும். 2021 முதல், செல்போன் முன் முகத்தைக் காட்டினாலே ஆயுள் சான்றிதழ் பதிவாகும் வசதி வந்திருக்கிறது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு இது பெரிய வரம்.

வரம் அவர்கள் வீட்டில் பலிக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போன விலையுயர்ந்த போன் அது. மனைவி அதைக் கணவரின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மேல் ஓரத்தில் ‘ஈ’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்து. பால்கனிக்குப் போனால் அந்த எழுத்து மறைந்து 4ஜி வந்தது. கணவரால் பால்கனிக்கு வரமுடியாது. 4ஜி உள்ளறைக்கு வர மறுத்தது.

சிம் கார்டை மாற்றுங்கள் என்றார் கடைக்காரர். மாற்றினார்கள், பலனில்லை. எங்கள் கோபுரத்தில் கோளாறு இல்லை என்றது சேவை நிறுவனம். போனில் கோளாறு இல்லை என்றான் மகன். வேடிக்கை என்னவென்றால் எல்லோரும் சொன்னது உண்மை.

கோபுரமும் போனும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டும். 4ஜி என்பது ஒரே மொழி அல்ல. நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் அது வெவ்வேறு அலைவரிசைகளில் பேசப்படுகிறது. இந்தியாவில் 700, 850, 900, 1800, 2100, 2300, 2500 மெகாஹெர்ட்ஸ் என்று பல பட்டைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஜியோ தன் 4ஜியை 850, 1800, 2300 பட்டைகளில் நடத்துகிறது. பி.எஸ்.என்.எல். 700, 2100 பட்டைகளைப் பயன்படுத்துகிறது. ஐரோப்பாவில் பரவலாக உள்ள 800, 2600 பட்டைகளுக்கு இங்கே வேலை இல்லை. ஒரே பெயரில் விற்கும் போன்கூட ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒரு மாடலாகத் தயாராகிறது. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது.

பட்டைகளுக்குத் தனித்தனிக் குணம் உண்டு. குறைந்த அலைவரிசை நெடுந்தூரம் போகும், சுவர்களை ஊடுருவும். ஆனால் அதிகச் சுமை தாங்காது. உயர்ந்த அலைவரிசை ஏராளமான தகவலைச் சுமக்கும். இரண்டு சுவர்களைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். மயூர் விஹாருக்கு வந்த போனுக்கு அங்குள்ள கோபுரத்தின் பட்டைகளில் 1800 மட்டுமே தெரியும். பால்கனிவரை வந்த அந்த அலை உள்ளறையில் தேய்ந்துபோனது. சுவர்களைக் கடக்கும் குறைந்த பட்டை அறை முழுக்க நிறைந்திருந்தும் போனுக்கு அதைக் கேட்கும் காது இல்லை. ஆகவே அது தனக்குத் தெரிந்த பழைய 2ஜிக்கு இறங்கியது. அந்த ‘ஈ’ அதன் அடையாளம். குறுஞ்செய்திக்குப் போதுமான அந்த வேகம் ஒரு முகத்தை அனுப்பப் போதவில்லை. தில்லிக்கு வந்த புதிதில் இந்தி தெரியாமல் காய்கறிக்காரரிடம் விரலைக் காட்டிப் பேரம் பேசியவர் அந்த அம்மாள். போனின் நிலைமை அவருக்கு உடனே புரிந்தது.

தீர்வு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. கல்லூரியில் படிக்கும் பஞ்சாபிப் பையன் தன்னுடைய மலிவு விலைப் போனைக் கட்டிலருகே வைத்து, ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டு, இப்போது பாருங்கள் ஆன்ட்டி என்றான். இந்தியச் சந்தைக்கென்றே தயாரான அவன் போனுக்கு இங்குள்ள பட்டைகள் எல்லாம் தெரியும். அது கோபுரத்திடமிருந்து வாங்கி, உலகம் முழுவதும் பொதுவான வைஃபை மூலம் வெளிநாட்டுப் போனுக்குக் கொடுத்தது. மொழிபெயர்ப்பாளர் வேலை. சில நிமிடங்களில் கணவர் உயிரோடு இருப்பது பதிவாயிற்று.

எல்லோருக்கும் இப்படி ஒரு பக்கத்து வீடு அமைவதில்லை. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதி பாசு தில்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமை அழைத்துப் பேசியதில் இந்தியாவின் செல்போன் யுகம் துவங்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு தலைமுறை மாற்றமும் சிலரைக் கைவிட்டுவிட்டுத்தான் நகர்ந்திருக்கிறது. சி.டி.எம்.ஏ. முறை போன்களைத் தவணையில் வாங்கியவர்கள், அந்தச் சேவைகள் மூடப்பட்டபோது கையில் வெறும் பிளாஸ்டிக்கோடு நின்றார்கள். 2016 செப்டம்பரில் 4ஜியை மட்டுமே நம்பி ஜியோ வந்தபோது, 4ஜி வழியாகக் குரலை அனுப்பும் ‘வோல்ட்டீ’ வசதி இல்லாத 4ஜி போன்களில் இணையம் ஓடியது, ஆனால் சாதாரண அழைப்பு போகவில்லை. தனிச் செயலி தேவைப்பட்டது. 3ஜியை ஏர்டெல் மூடிவிட்டது, 2ஜியை வைத்திருக்கிறது. பாட்டனார் இருக்கிறார், தகப்பனார் போய்விட்டார். அதனால் பழைய பட்டன் போன் இன்னும் பேசுகிறது. அதைவிட அதிக விலை கொடுத்து வாங்கிய 3ஜி போன் இணையத்தில் முடமாகிக் கிடக்கிறது.

5ஜியும் விதிவிலக்கல்ல. 2022 அக்டோபர் 1 அன்று சேவை துவக்கப்பட்டபோது, அதற்கு முன்பே 5ஜி என்ற பெயரில் விற்கப்பட்டிருந்த பல போன்கள் மென்பொருள் மாற்றத்துக்காகக் காத்திருந்தன. ஐபோன்களுக்கு அது டிசம்பரில்தான் கிடைத்தது. ஆரம்பத்தில் வந்த சில போன்களுக்கு 5ஜியில் ஒன்றிரண்டு பட்டைகள் மட்டுமே தெரியும். 2025 செப்டம்பர் 27 அன்று பி.எஸ்.என்.எல்.லின் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி சேவையைப் பிரதமர் ஒடிஷாவில் துவக்கிவைத்தார். அந்த கோபுரங்களின் 700 மெகாஹெர்ட்ஸ் அலை தொலைதூரக் கிராமங்களை எட்டக்கூடியது. ஆனால் அங்குள்ள பழைய 4ஜி போன்கள் பலவற்றுக்கு 700 என்ற எண்ணே தெரியாது.

2015 முதல், எண்ணை மாற்றாமல் நாட்டில் எங்கு வேண்டுமானாலும் வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளும் உரிமை இருக்கிறது. எண்ணுக்குக் கிடைத்த சுதந்திரம் போனுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே வாங்குமுன் தயாரிப்பாளர் தரும் தொழில்நுட்ப விவரத்தில் பட்டை எண்களைத் தேடுவது நல்லது. 4ஜிக்கு 1, 3, 5, 8, 28, 40, 41; 5ஜிக்கு என்28, என்78. இவை இருந்தால் இந்தியாவில் பெரும்பாலும் கவலையில்லை. ‘வோல்ட்டீ’ இருப்பதும் அவசியம். வெளிநாட்டிலிருந்து வரும் போனை ஏற்றுக்கொள்ளுமுன், மாடல் எண்ணைக் கேட்டு இதே பட்டியலோடு ஒப்பிட வேண்டும். அங்குள்ள நிறுவனம் ஏதாவது அதைத் தன் சிம்முக்கென்று பூட்டியிருக்கிறதா என்றும் விசாரிக்க வேண்டும்.

ஆனால் எழுபது வயதில் ஒருவர் பட்டை எண்களை மனப்பாடம் செய்யவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? பெட்டியின் மீது அதிகபட்ச விலையையும் இறக்குமதி செய்தவரின் முகவரியையும் அச்சிடச் சட்டம் சொல்கிறது. இந்தியாவில் எந்தப் பட்டைகளில் இயங்கும் என்ற ஒரு வரியையும் சேர்ப்பதில் யாருக்கும் பெரிய செலவில்லை. ரேஷனும் ஓய்வூதியமும் வங்கிக் கணக்கும் செல்போன் வழியாகத்தான் வரும் என்று தீர்மானித்த அரசு, வாங்குகிறவருக்கு அந்த ஒரு வரியைக் கடன்பட்டிருக்கிறது.