மூளை பெருசா இருந்தா போதுமா?

ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால் "மூளை இருக்கா உனக்கு?" என்று கேட்பது ஊர் வழக்கம். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவனைப் பார்த்தால் "அவனுக்குப் பெரிய மூளைப்பா" என்பார்கள். மூளை பெரிதானால் அறிவும் பெரிது என்பது யாரும் சரிபார்க்காமலேயே கையெழுத்துப் போட்டுவிட்ட கணக்கு. உயிரினங்களை வரிசையாக நிறுத்தி எடை போட்டுப் பார்த்தால் இந்தக் கணக்கு டேலி ஆவதே இல்லை.

மனித மூளையின் எடை சுமார் 1.3 கிலோ. ஆப்பிரிக்க யானைக்கு 4.5 கிலோவுக்கும் மேல். ஸ்பெர்ம் திமிங்கலத்துக்கு சுமார் 8 கிலோ. எடைதான் அறிவு என்றால் உலகத்தை ஆள வேண்டியது திமிங்கலம்தான்!

"அது எப்படி? அதுங்களுக்கு உடம்பும்தானே பெரிது? சதவீதத்தில் பாருங்கள்" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மனித மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம். இதில் யானையை ஜெயித்துவிடலாம். ஆனால் அரிசி மூட்டையைக் கடிக்கும் சுண்டெலிக்கும் கிட்டத்தட்ட இதே சதவீதம்தான் வருகிறது. சின்ன மூஞ்சூறுகள் சிலவற்றுக்கு இன்னும் அதிகம்.

1973-இல் ஹாரி ஜெரிசன் என்ற அமெரிக்க விஞ்ஞானி வேறு வழியில் போனார். இந்த அளவு உடம்புள்ள பாலூட்டிக்குச் சராசரியாக இவ்வளவு மூளை இருக்கும் என்று ஒரு எதிர்பார்ப்பை வைத்துக்கொண்டு, உண்மையில் இருப்பது அதைப்போல எத்தனை மடங்கு என்று பார்த்தார். மனிதனுக்கு சுமார் 7, பாட்டில்மூக்கு டால்பினுக்கு 4-க்கு மேல், சிம்பன்சிக்கு 2-க்கு மேல். அப்பாடா, மனிதனுக்கு முதலிடம்! ஆனால் இதே கணக்கில் பூனை அளவே உள்ள காபுசின் குரங்கு கொரில்லாவை முந்திவிடுகிறது. கொரில்லா ஒன்றும் அதைவிட மக்கு இல்லையே.

அப்படியானால் எதைத்தான் அளப்பது? பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ-ஹௌசெலும் ராபர்ட்டோ லென்டும் 2005-இல் ஒரு விநோதமான முறையைக் கொண்டுவந்தார்கள். மூளையைக் கரைத்து சூப் மாதிரி ஆக்கிவிட்டு, அதில் மிதக்கும் செல் உட்கருக்களை எண்ணுவது! 2009-இல் மனித மூளைக்கு வந்த எண்ணிக்கை சுமார் 8,600 கோடி நியூரான்கள். 2014-இல் ஆப்பிரிக்க யானையை எண்ணினார்கள். 25,700 கோடி. மறுபடியும் மனிதன் தோற்றானா? இல்லை. யானையின் நியூரான்களில் 97 சதவீதத்துக்கும் மேல் சிறுமூளையில் இருந்தன. யோசனைக்கும் திட்டமிடுதலுக்கும் முக்கியமான பெருமூளைப் புறணியில் யானைக்கு 560 கோடி, மனிதனுக்கு 1,600 கோடி. இத்தனைக்கும் யானையின் புறணி எடையில் மனிதனுடையதைப்போல இரண்டு மடங்கு.

பறவைகள் விஷயம் இன்னும் சுவாரசியம். பாட்டி வடை சுட்ட கதையில் காக்கா ஒரு ஏமாளி. நிஜத்தில், 2002-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பெட்டி என்ற நியூ கலிடோனிய காகம் நேரான கம்பியைத் தானே வளைத்துக் கொக்கியாக்கி, குழாய்க்குள் இருந்த தீனி வாளியைத் தூக்கி எடுத்தது. இத்தனை சின்னத் தலையில் இது எப்படி? 2016-இல் பதில் கிடைத்தது. கிளி, காக இனங்களின் நியூரான்கள் மிகச் சிறியவை, நெருக்கமாக அடுக்கப்பட்டவை. பெரிய மக்காவ் கிளியின் முன்மூளையில், அதைவிட நாலு மடங்கு கனமான மூளையுள்ள ரீசஸ் குரங்கின் புறணியில் இருப்பதைவிட அதிக நியூரான்கள் இருக்கின்றன.

சரி, இவ்வளவு நல்ல பொருள் என்றால் எல்லா உயிரினங்களும் ஏன் மூளையை வளர்த்துக்கொண்டே போகவில்லை? இங்கேதான் செலவுக் கணக்கு வருகிறது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மனித மூளை, ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தைத் தின்கிறது. 50 பேர் வேலை செய்யும் கம்பெனியில் ஒரே ஒருவர் மொத்தச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வது மாதிரி. தூங்கும்போதும் சம்பளம் உண்டு!

இந்தச் செலவைக் கண்ணால் பார்க்கவும் முடிந்தது. தொட்டியில் வளர்க்கும் கப்பி மீன்களில் பெரிய மூளை உள்ளவற்றையும் சிறிய மூளை உள்ளவற்றையும் தனித்தனியாக இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள் ஸ்வீடன் ஆய்வாளர்கள். இரண்டே தலைமுறையில் மூளை அளவில் 9 சதவீத வித்தியாசம் வந்தது. 2013-இல் வெளியான முடிவுகளின்படி, பெரிய மூளைப் பெண் மீன்கள் எண்ணிக்கையைப் பிரித்தறியும் சோதனையில் ஜெயித்தன. ஆனால் பெரிய மூளை மீன்களின் குடல் சுருங்கியது, குஞ்சுகளும் குறைந்தன. ஒரு பக்கம் வரவு வைத்தால் இன்னொரு பக்கம் பற்று.

ஐரோப்பிய மூஞ்சூறு ஒன்று இன்னும் கறாரான கணக்குப்பிள்ளை. குளிர்காலத்தில் இரை குறையும்போது தன் மண்டையோட்டையும் மூளையையுமே சுருக்கிக்கொள்கிறது, வசந்தம் வந்ததும் ஓரளவு மீண்டும் வளர்த்துக்கொள்கிறது. போலந்தின் ஆகஸ்ட் டேனல் 1949-இல் இதைப் பதிவு செய்தார்.

பனாமாவின் பாரோ கொலராடோ தீவுக்கு வாருங்கள். ஒரே காடு, ஏறத்தாழ ஒரே எடை, இரண்டு குரங்கினங்கள். ஹௌலர் குரங்கு பெரும்பாலும் இலை தின்னும். இலைக்குப் பஞ்சமில்லை, ஆனால் அதில் சத்து குறைவு. சிலந்திக் குரங்கு பழம் தேடும். எந்த மரம் எப்போது பழுக்கும் என்று நினைவு வைத்திருக்க வேண்டும், கிடைத்தால் சக்தி அதிகம். சிலந்திக் குரங்கின் மூளை ஹௌலரைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! அதனால் ஹௌலர் முட்டாள் என்று அர்த்தமா? தன் வருமானத்துக்குள் குடும்பம் நடத்துகிறது, அவ்வளவுதான். கூட்டமாக வாழ்வதுதான் மூளையை வளர்த்தது என்று 1990-களில் ராபின் டன்பார் சொன்னார். 2017-இல் 140-க்கும் அதிகமான குரங்கினங்களை ஒப்பிட்ட ஆய்வு, உணவுதான் முக்கியம் என்றது. அந்த வழக்கு இன்னும் நடக்கிறது.

மூளை என்பது ரேங்க் கார்டு இல்லை. பிழைப்புக்குத் தேவைப்பட்டு, கட்டுப்படியாகவும் செய்தால் மட்டுமே ஓர் இனம் செய்யும் செலவு. பத்து லட்சம் நியூரான்கூட இல்லாத தேனீ "ஒன்றுமில்லை" என்பதை ஒன்றைவிடக் குறைவாகப் புரிந்துகொள்கிறது என்று 2018-இல் காட்டினார்கள். அதற்கு அது போதும்.

இதெல்லாம் வெறும் பொது அறிவுத் துணுக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் சாமுவேல் மார்ட்டன் மண்டையோடுகளுக்குள் விதைகளையும் பிறகு ஈயக் குண்டுகளையும் நிரப்பி அளந்து, மனித இனங்களை மேல் கீழ் என்று அடுக்கினார். அடிமை முறையை ஆதரித்தவர்கள் அதைச் சாட்சிக்கு இழுத்தார்கள். பாரிஸில் பால் புரோக்கா பெண்களின் மூளை எடை குறைவு என்பதை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பங்காவது அறிவுக் குறைவால்தான் என்று எழுதினார். பெண்களின் உடம்பே சராசரியாகச் சிறியது என்பது அவருக்குத் தெரிந்தும்!

எழுத்தாளர் துர்கனேவின் மூளை சுமார் 2 கிலோ. 1921-இல் இலக்கியத்துக்கு நோபல் பரிசு வாங்கிய அனத்தோல் பிரான்ஸின் மூளை சுமார் 1 கிலோ. இந்த இரண்டு எடையையும் அருகருகே வைத்தாலே புரோக்காவின் தராசு ஆட்டம் கண்டுவிடும்.

ஒரு பிராணியைப் பற்றியோ ஒரு மனிதரைப் பற்றியோ முடிவு கட்டும் முன் "எவ்வளவு பெரிது?" என்று கேட்பது சுலபம். "இது எப்படிப் பிழைக்கிறது, அதற்கு என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்கக் கொஞ்சம் நேரம் ஆகும். ஆனால் அந்தப் பதில் யாரையும் கீழே தள்ளாது.