மெத்துனு ஒரு சீட்டு

சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் கலர் பார்க்கிறார்கள், பிரேக்கைப் பிடித்துப் பார்க்கிறார்கள், பெல்லையும் ஒரு தடவை அடித்துப் பார்த்துவிடுகிறார்கள். சீட்டை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அது வண்டியோடு வருவது, வந்தபடியே கிடக்கும். ஆனால் ஓட்டும் நேரம் முழுக்க உடம்பு வண்டியைத் தொடும் இடங்கள் மூன்றே மூன்றுதான். கை, கால், அப்புறம் அந்த மூன்றாவது. கை வலித்தால், கால் வலித்தால் யாரிடமும் சொல்லலாம். மூன்றாவதைப் பற்றி, அதுவும் ஒரு பெண், அதுவும் சைக்கிள் கடை வாசலில் நின்றுகொண்டு பேச முடியுமா? சீட் விஷயத்தில் பாதிச் சிக்கல் இதுதான். மீதி எலும்புக் கணக்கு. அது சுலபம்.

புதுக்கோட்டை மாவட்டம், கீரனூர் பக்கம் ஒரு கிராமத்தில் ஓர் அங்கன்வாடிப் பணியாளர் இருக்கிறார். வயது ஐம்பதை நெருங்குகிறது. புதுக்கோட்டை, பெண்கள், சைக்கிள் என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னதுமே சிலருக்கு ஞாபகம் வந்திருக்கும். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது அந்த மாவட்டத்தில்தான். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி அது வெளியுலகத்துக்கும் தெரிந்தது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறிப் போனார்கள். முன் பார் மேல் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. இந்த அக்கா அப்போது பதினைந்து வயதுப் பெண். அப்பாவின் சைக்கிளில் முட்டியைப் பெயர்த்துக்கொண்டு கற்றவர். அதற்குப் பிறகு சைக்கிளை விட்டதே இல்லை, இரண்டு பிரசவ காலங்களைத் தவிர.

இப்போது ஓட்டுவது மகள் பள்ளிக்கூடம் போய்வந்த வண்டி. மகள் நர்சிங் படிக்கத் திருச்சி போனதும் அது அம்மா கைக்கு வந்தது. பார்க்க அழகான மாடல்தான். ஹேண்டில்பார் நேராக, கொஞ்சம் தாழ்வாக இருக்கும். சீட் ஒல்லி. வீட்டிலிருந்து மையத்துக்கு 6 கிலோமீட்டர், திரும்ப 6.

இரண்டு மாதத்தில் முன்பக்கம் மரத்துப்போக ஆரம்பித்தது. மையத்தில் வந்து இறங்கினால் பத்து நிமிடத்துக்கு அந்த இடத்தில் உணர்ச்சியே இருக்காது. அப்புறம் எரிச்சல். சிறுநீர் கழிக்கும்போது எரிந்த நாட்களும் உண்டு. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வயசாகிறது, ரெண்டு பெத்த உடம்பு என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். சைக்கிளை விட்டால் என்ன என்றும் யோசித்திருக்கிறார். விட்டால், காலையில் மையம் திறக்கிற நேரத்துக்குப் பஸ் கிடையாது. ஆட்டோவுக்குக் கொடுத்தால் சம்பளத்தில் பெரிய துண்டு போகும். வீட்டுக்காரர் கொண்டுபோய் விடுவார்தான், ஆனால் அவர் எப்போது புறப்படுகிறாரோ அப்போதுதான் இவரும் புறப்பட முடியும். அதில்தான் அவருக்கு இஷ்டமில்லை.

கடைசியில் ஒருநாள் கடைக்குப் போய்விட்டார். கடைக்காரருக்கு மகன் வயதுதான் இருக்கும்.

"என்னக்கா, சீட்டு ஆடுதா?"

"ஆடல தம்பி."

"பின்ன என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. மெத்துனு ஒரு சீட்டு இருந்தா மாத்திக் குடு."

இந்த 'மெத்துனு' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவருக்கு என்ன வலி, எங்கே வலி, எப்போது வலி என்று சொல்ல ஆயிரம் தடை. எல்லாவற்றையும் மூடிப் போர்த்தி, மரியாதை கெடாமல் சொல்லக்கூடிய ஒரே சொல் 'மெத்து'. கடைக்காரருக்கும் அது வசதி, மேலே கேட்க வேண்டியதில்லை. தேவை, அளிப்பு என்று வணிகவியல் வகுப்பில் நாலு கோடு போட்டுப் பாடம் நடத்துவார்கள். தேவை என்பது வாடிக்கையாளர் வாய்விட்டுச் சொன்னது மட்டும்தானே! சொல்லாதது எந்தக் கோட்டிலும் வராது. பெண்கள் கூச்சப்பட்டு மெத்து கேட்கிறார்கள், கடைகள் மெத்து வாங்கி அடுக்குகின்றன, கம்பெனிகள் 'லேடீஸ்' என்று எழுதித் தடித்த ஸ்பாஞ்சாகச் செய்து அனுப்புகின்றன. ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் தப்பான சரக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

400 ரூபாய்க்கு இட்லி மாதிரி உப்பிய சீட் ஒன்று வந்தது. முதல் வாரம் சொர்க்கம். மூன்றாவது வாரம் பழைய மரப்பு திரும்ப வந்தது, இம்முறை இடுப்பு வலியையும் கூட்டிக்கொண்டு. அதற்கு மேல் ஒரு ஜெல் கவரும் வாங்கிப் போட்டுப் பார்த்தார். இன்னும் மோசம்.

காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமானதல்ல. உட்காரும்போது உடம்பின் எடையைத் தாங்குவதற்கென்றே இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முண்டுகள் இருக்கின்றன. சிமெண்டுத் திண்ணையில் உட்கார்ந்து லேசாக முன்னும் பின்னும் அசைந்தால் இரண்டும் தெரியும். எடை அந்த இரண்டின் மேல் இருக்கிற வரை பிரச்சினை இல்லை, அவை தாங்கும். நடுவில் இருப்பது மெல்லிய சதை, நரம்பு, ரத்தக்குழாய். அது தாங்காது. சீட் ரொம்ப மெத்தென்றிருந்தால் எலும்பு இரண்டும் உள்ளே புதைகின்றன, ஸ்பாஞ்ச் நடுவில் மேடாக எழும்பி வந்து தொடக்கூடாத இடத்தை அழுத்துகிறது. சீட் ரொம்ப ஒல்லியாக இருந்தாலும் அதே கதைதான். எலும்புகள் ஓரத்தில் சரிய, எடை நடுவுக்கு வந்துவிடுகிறது. அந்த அக்கா ஒரு தப்பிலிருந்து இறங்கி இன்னொரு தப்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். இடுப்பு வலி ஏன் வந்தது? புது சீட் பழையதைவிட இரண்டு விரற்கடை உயரம். சீட் பில்லரை யாரும் இறக்கி வைக்கவில்லை. பெடல் எட்டாமல் இடுப்பு இடதும் வலதுமாக ஆடிக்கொண்டே 12 கிலோமீட்டர்.

லீவுக்கு வந்த மகள் அம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வருவதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "ஒண்ணுமில்லடி" என்று ஆரம்பித்து அரை மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்தது. நர்சிங் படிக்கிற பெண் என்பதால் வார்த்தைகளுக்குப் பயப்படவில்லை. "எங்க மரத்துப்போகுது, முன்னாடியா பின்னாடியா? ரத்தம் பட்டுச்சா? கட்டி ஏதாவது?" என்று நேராகக் கேட்டாள். முதல் வேலையாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் சிறுநீர்ப் பரிசோதனை செய்தாள், தொற்று இருந்தால் சீட் மாற்றி என்ன பயன்? மாதவிடாய் நிற்கப்போகிற வயதில் ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய அந்த இடத்துத் தோல் மெலிந்து உலர்ந்துபோகும், சுலபமாகப் புண்ணாகும் என்று டாக்டரம்மா சொன்னது அம்மாவுக்குப் புதுச் செய்தி.

இது கீரனூர்க் கூச்சம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். சைக்கிள் பிறந்த சீமையிலும் இதே கதைதான். 1890களில் இங்கிலாந்து, அமெரிக்கப் பெண்கள் சைக்கிள் ஏறியபோது டாக்டர்கள் சீட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அவர்களில் பலர் கவலைப்பட்டது வலிக்காக அல்ல, சீட் உரசிப் பெண்களுக்குத் தகாத பழக்கம் வந்துவிடுமோ என்று! அந்தக் காலத்திலேயே நடுவில் பள்ளம் விட்ட சீட்டுகள் வந்தன. பிறகு நெடுங்காலம் பேச்சே இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜீனா டெர்ரி என்ற எஞ்சினியர் 1985ல் பெண்கள் உடம்புக்கென்றே சைக்கிள் கம்பெனி ஆரம்பித்து, 1990களில் நடுவில் திறப்பு விட்ட பெண்கள் சீட்டும் கொண்டுவந்தார். சைக்கிள் சீட்டால் ஆண்மைக்கு ஆபத்து என்று 1997ல் பாஸ்டன் மருத்துவர் இர்வின் கோல்ட்ஸ்டீன் சொன்னதும் சைக்கிள் உலகமே பதறியது. பெண்கள் விஷயத்தில் அந்தப் பதற்றத்தைக் காணோம். பிரிட்டனின் பாராலிம்பிக் வீராங்கனை ஹன்னா டைன்ஸ், பல வருடம் சீட்டில் அழுந்தி வீங்கிய பிறப்புறுப்புக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்ததை 2019ல் பத்திரிகையிலேயே எழுதினார். உலக அளவில் போட்டியிடுகிறவர், அணி, பயிற்சியாளர் எல்லாம் உள்ளவர், அவருக்கே இந்த நிலை. போட்டி விதிகளும் பிடிவாதம்தான். சீட் கிட்டத்தட்ட மட்டமாக இருந்தே ஆக வேண்டும் என்றிருந்ததைத் தளர்த்தி, 9 டிகிரி வரை சாய்க்கலாம் என்று சர்வதேச சைக்கிள் சங்கம் மாற்றுவதற்கு, பெண் வீராங்கனைகளின் புண்களைப் பற்றிப் பிரிட்டிஷ் அணி எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, கீரனூருக்குத் திரும்புவோம். மகள் மளிகைக் கடையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி வாங்கி வந்தாள். உள்ளே அலை அலையாக மடிப்பு இருக்குமே, அந்த அட்டை. அதை வாசற்படியில் போட்டு அம்மாவை மெல்லிய துணியோடு உட்கார வைத்தாள். முட்டி கொஞ்சம் மேலே இருக்க வேண்டும், சைக்கிளில் குனிகிற அளவுக்குக் குனிய வேண்டும். ஒரு நிமிடம் கழித்து எழுந்தால் அட்டையில் இரண்டு குழி. குழியின் நடுவிலிருந்து நடு வரை ஸ்கேலை வைத்தால் 13 சென்டிமீட்டர். பழைய ஒல்லி சீட்டின் அகலமே பின்பக்கம் 14தான். ஓரங்கள் வளைந்து இறங்குவதைக் கழித்தால் அந்த எலும்புகளுக்கு உட்கார இடமே இல்லை.

பொதுவான கணக்கு இது: நன்றாக முன்னால் குனிந்து ஓட்டுகிறவர்கள் எலும்பு அளவோடு 2, 3 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளலாம். நிமிர்ந்து ஓட்டுகிறவர்கள் 4, 5 கூட்ட வேண்டும், எடை முழுதும் பின்னால் இறங்குவதால். ரொம்ப அகலமாகப் போனால் உள்தொடை உரசும். பெண்களுக்கு இந்த எலும்பு இடைவெளி சராசரியில் அதிகம் என்பது உண்மைதான், ஆனால் சராசரி சைக்கிள் ஓட்டுவதில்லை. ஒல்லியான பெண்ணுக்கு 14 இருக்கும், குண்டான பெண்ணுக்கு 11 இருக்கும். 'லேடீஸ்' என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைவிட மளிகைக்கடை அட்டை நம்பகமானது.

இரண்டாம் முறை மகளும் கூடப் போனாள். "பதினெட்டு சென்டிமீட்டர் அகலம், நடுவுல பள்ளம், கட்டை விரலால அமுக்குனா கொஞ்சம்தான் அமுங்கணும், அடித்தகடு தட்டக்கூடாது." கடைக்காரர் தம்பி ஒருகணம் விழித்தார். ஆனால் அளவு சொல்லிக் கேட்டால் அது பேச்சில் கூச்சமில்லாத விஷயம் ஆகிவிடுகிறதே, ஸ்கேலை எடுத்துக்கொண்டு பரண் ஏறிவிட்டார். பழைய லேடீஸ் சைக்கிளுக்குப் போடுகிற ஸ்பிரிங் வைத்த ரெக்சின் சீட், கெட்டி ஸ்பாஞ்ச், 19 சென்டிமீட்டர். தூசி தட்டி 350க்குக் கொடுத்தார். பள்ளம் ஆழமில்லை, இருந்தாலும் மேடு இல்லை. ஹேண்டில்பாரை அதன் கழுத்தில் போட்டிருக்கும் எல்லைக்கோடு தாண்டாமல் இரண்டு அங்குலம் உயர்த்தினார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்ததுமே முன்பக்க அழுத்தத்தில் பாதி குறைந்துவிட்டது. சீட் மாற்றியதைவிட இதுதான் பெரிய வித்தியாசம் செய்தது என்று தோன்றுகிறது. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

உயரத்துக்கு, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே வரை மிதித்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முட்டி லேசாக மடங்கியிருக்கும். சீட்டின் மூக்கு முதலில் மட்டமாக, அப்புறமும் முன்னால் அழுத்தினால் ஒரு மயிரிழை கீழே. அதிகம் இறக்கினால் உடம்பு வழுக்கி எடை எல்லாம் மணிக்கட்டுக்குப் போகும்.

சேலை ஒரு தனி அத்தியாயம். உள்பாவாடைத் துணி சுருண்டு கயிறாகி உட்காருமிடத்தில் சேர்ந்துகொண்டால் எந்த சீட்டும் உதவாது. துணிக்கடைகளில் 'சைக்கிளிங் ஷார்ட்ஸ்' என்று பாவாடைக்குள் போட ஒன்று விற்கிறார்களே, அதைப் போட்டவர்களில் பாதிப் பேர் சைக்கிளே ஏறியிருக்க மாட்டார்கள். இந்த அக்கா அதைச் சைக்கிளுக்கே போடுகிறார். தையல் நடுவில் வராத பருத்தித் துணியாகத் தேடி எடுத்தது. உரசல் போயிற்று.

முதல் வாரம் அந்த எலும்புகள் இரண்டிலும் வலி இருந்தது. அது பழகுகிற வலி, பத்துப் பன்னிரண்டு நாளில் போய்விட்டது. மரத்துப்போவதும் எரிவதும் பழக்கிக்கொள்கிற வலி அல்ல என்று மகள் போனில் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கீரனூர் வரை போய்வரும் நாட்களில் மட்டும் லேசாக மரக்கிறது. நடுவழியில் இரண்டு தடவை எழுந்து நின்று மிதித்தால் சரியாகிவிடுகிறது.

உயரம் சரியாக அமைந்த அன்று மகள் சீட் பில்லரில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனாள், பஞ்சர் ஒட்டும்போது யாராவது ஏற்றி இறக்கிவிட்டால் தெரியட்டும் என்று. மழையில் கோடு மங்கினால் அம்மாவே மறுபடி போட்டுக்கொள்கிறார். பாட்டில் மையத்தில், சத்துமாவு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.