எட்டாம் எண் கட்டில்

2019 மழைக்காலத்தில் இடுப்பெலும்பு முறிந்து என் அம்மா மாட்டுங்காவில் ஒரு நர்சிங் ஹோமில் இருந்தாள். 1949ஆம் ஆண்டின் பம்பாய் நர்சிங் ஹோம் பதிவுச் சட்டப்படி வாங்கிய சான்றிதழ் வரவேற்பு மேஜைக்கு மேலே மாட்டியிருந்தது. எத்தனை படுக்கை என்பது அதில் இருந்தது. எந்தப் படுக்கை எப்படி என்பது இரவு ஆயாவுக்கு மட்டுமே தெரியும்.

எட்டாம் எண் கட்டிலின் பக்கத் தடுப்பு 'க்ளிக்' என்று சத்தம் போடும், பூட்டாது. ஆயா அதை க்ரேப் பேண்டேஜால் கட்டி வைப்பாள். மூன்றாம் இரவு அவள் லீவு. மாற்றாக வந்தவளுக்கு யாரும் சொல்லவில்லை. தூக்கக் கலக்கத்தில் அம்மா சாய, தடுப்பு இறங்கிவிட்டது. கீழே பாய் போட்டுப் படுத்திருந்த என்மேல் விழுந்தாள். ஆபரேஷன் செய்த கால் தப்பியது. "பேஷண்ட் அசைந்திருக்கக் கூடாது" என்றார் மேனேஜர்.

செம்பூர் வீட்டுக்குத் திரும்பியதும் ஃபௌலர் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். கால்மாட்டில் இரண்டு கைப்பிடிகள்: ஒன்றைச் சுற்றினால் முதுகுப் பக்கம் எழும், மற்றது முழங்கால் பக்கம். வந்த அன்றே முதுகுப் பக்கம் பாதியில் நின்றது. தாராவி தொண்ணூறு அடி சாலையிலிருந்து ஒரு ஃபிட்டரை அழைத்துவந்தேன். திருநெல்வேலிக்காரர். திருகுக் கம்பியில் சுற்றியிருந்த தலைமுடியை எடுத்துவிட்டு கிரீஸ் தடவினார்.

"மாசம் ஒருக்கா கிரீஸு போடணும் அண்ணாச்சி. போட மாட்டாவ. சுத்தலைன்னா பலங்கொண்டு முறுக்குவாவ. மரை தேஞ்சிரும். பெறவு ஒருநா ஆளோட எறங்கிரும்."

சக்கரங்களை உதைத்துப் பார்த்தார். பிரேக் ஒன்றில் பிடிக்கவில்லை. அப்புறம் மெத்தைக்கும் தடுப்புக்கும் நடுவே முஷ்டியை நுழைத்தார். மெத்தை வேறு ஏதோ கட்டிலுடையது, அகலம் குறைவு. "ஆச்சி தலை இதுக்குள்ள போவும்" என்றார். மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தேன்.

பிறகு படித்தபோது சிரிப்பு வரவில்லை. 1985 முதல் 2009 தொடக்கம் வரை, தடுப்புள்ள கட்டில்களில் நோயாளிகள் சிக்கிக்கொண்டதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு வந்த தகவல்கள் 803. அதில் இறந்தவர்கள் 480 பேர். பெரும்பாலும் முதியவர்கள், தள்ளாதவர்கள், நினைவு தடுமாறியவர்கள். மெத்தைக்கும் தடுப்புக்கும் இடையே தலை நுழையாதிருக்க இடைவெளி 120 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று 2006இல் அந்த நிர்வாகம் வழிகாட்டியது. எங்கள் கட்டிலில் அளந்தேன்: 140. ஃபிட்டர் கெட்டியான ஃபோம் வெட்டி அடைத்துக்கொடுத்தார்.

தடுப்பு இருந்தால் பாதுகாப்பு என்றுதான் நானும் நம்பியிருந்தேன். குழம்பிய முதியவர் அதன்மேல் ஏறி இறங்கப் பார்த்தால் இன்னும் உயரத்திலிருந்து விழுவார் என்பது உறைக்கவில்லை. நர்சிங் ஹோம்களில் லிஃப்டுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் உண்டு, ஏ.சி.க்கும் உண்டு. கட்டிலை மேஜை நாற்காலிக் கணக்கில் வைத்துவிடுகிறார்கள்.

சென்ற ஆண்டு பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்க அதே நர்சிங் ஹோமுக்குப் போனேன். எட்டாம் எண்ணில் புதுக் கட்டில். ஆயா அடையாளம் கண்டுகொண்டு சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரர் படுத்திருந்தது ஆறாம் எண்ணில். அதன் தடுப்பில் பேண்டேஜ் கட்டியிருந்தது.