கொல்லைக்கு வந்தவர்கள்

காரைக்காலில் எங்கள் தாத்தா வீட்டுக் கொல்லையில் பகலைவிட இரவில்தான் நடமாட்டம் அதிகம். அரசலாற்றுப் பக்கம் போகும் தெருவில் வீடு. முன்னால் பிரெஞ்சுக்காரர் காலத்து உயரமான சன்னல்கள்; பின்னால் கிணறு, வாழை, பெரிய வாதாமரம், மதிலோரம் நெட்டிலிங்கம். தாத்தா சைகோனில் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாயாக, இருந்து திரும்பியவர். இரவுக் காவல் நின்ற பழக்கம், தூக்கம் குறைவு. கிணற்றடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்ததையெல்லாம் நோட்டில் எழுதுவார்: தமிழ்த் தேதி, பிறை, காற்றுத் திசை, வந்தது எது, தின்றது என்ன. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிப் பிடிப்பது பேரப்பிள்ளைகள் வேலை.

முதலில் வருவது வௌவால். வாதாம்பழத்தின் சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைப் போட்டுவிடும். விடிந்ததும் நாங்கள் பொறுக்கி, கல்லில் தட்டிப் பருப்பெடுப்போம். குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் அது. கோபன்ஹேகனில் இருந்த மார்ட்டின் வால் 1797-ல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அவருக்குக் கிடைத்த வௌவால் தரங்கம்பாடியிலிருந்து போனது. எங்கள் ஊரிலிருந்து வடக்கே பேருந்தில் அரை மணி! கொல்லைக்கு வரும் மண்ணுளிப் பாம்புக்கும் அதே தரங்கம்பாடித் தொடர்புதான். 1801-ல் பாட்ரிக் ரஸ்ஸல் அதை விவரித்தபோது, தரங்கம்பாடிப் பாதிரியார் கிறிஸ்டோப் சாமுவேல் ஜானின் பெயரை வைத்தார். இதையெல்லாம் நான் படித்தது தாத்தா போன பிறகு. அவரிடம் சொல்லியிருந்தால் அன்றிரவே நோட்டில் ஏறியிருக்கும்.

அந்தப் பாம்பு நக்கினால் குஷ்டம் வரும் என்று தெருவே பயந்தது. விஷமில்லாத, எலி தின்னும் பிராணி. எங்கள் கொல்லையில் அதைக் கம்பெடுத்து அடிக்கத் தாத்தா யாரையும் விட்டதில்லை.

கூகை விஷயத்தில்தான் வீட்டுக்குள்ளேயே சண்டை. மாதா கோயில் பக்கமிருந்து கிறீச்சென்று கத்திக்கொண்டு வந்தால் பாட்டி விளக்குமாற்றோடு கொல்லைக்கு ஓடி வருவாள். “இந்தா, நம்ம அம்மையாரே கூகையைப் பாட்டுல வச்சுப் பாடியிருக்காங்க. அதப் போயி வெரட்டுறியே?” என்பார் தாத்தா. உண்மைதான். காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் சுடுகாட்டு இரவின் கூகையும் ஆந்தையும் இருக்கின்றன. இரவை அருவருக்காமல் உற்றுப் பார்த்த அம்மையாரின் ஊரில் பிறந்துவிட்டு, கூகைச் சத்தத்துக்குக் கதவடைப்பது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

கூகை கக்கிப் போட்ட உருண்டைகளைத் தாத்தா தண்ணீரில் ஊறவைத்து, ஈர்க்குச்சியால் பிரிப்பார். உள்ளே மயிர், எலும்பு, முழுசாக எலி மண்டையோடுகள். மண்டையோடுகளை எண்ணி எழுதிக்கொள்வார். வயலில் எலிக்குக் கிட்டி வைக்க வருபவர்களிடம் அந்தக் கணக்கைக் காட்டி, இராத்திரியில் கூகை வந்து உட்கார வரப்போரம் கம்பு நடச் சொல்வார். சிலர் நட்டார்கள்.

மரநாயைக் கண்ணால் பார்ப்பதற்குள் வாசம் வந்துவிடும். பக்கத்து மரைக்காயர் வீட்டுப் பிரியாணியில் ரம்பை இலை மணப்பது போல இருக்கும். சில மாதங்கள் அது ஓட்டுக்கூரை மேல் ஒரே நேரத்துக்கு நடந்ததை நோட்டு காட்டுகிறது. ஏதோ ஒரு வீட்டில் பழம் பழுத்திருக்கும்.

1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலியோடும் காக்கையோடும் தீங்குயிர்ப் பட்டியலில் சேர்த்தது. 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியல் ஒழிந்தது. எழுபதுகளிலேயே தாத்தா, வௌவால் எச்சத்திலிருந்து மதிலோரம் முளைத்த கன்றுகளுக்குத் தனிப் பக்கமே ஒதுக்கியிருந்தார்: அத்தி, ஆல், கொய்யா. எது முதலில் முளைத்தது, எதை ஆடு கடித்தது என்பது வரை அதில் உண்டு.

வீடு கைமாறிக் கொல்லையில் சிமெண்ட் தளம் வந்துவிட்டது. நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. கடற்கரை ஈரத்தில் மை ஊறிய பக்கங்களை எழுத்துக் கூட்டிப் படித்துத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். மார்கழிப் பக்கங்கள் முடிந்தன. மரநாய் குட்டிகளோடு வந்த பங்குனி இனிமேல்தான்.