இடி விழுந்த டிஸ்க்!

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் லேடீஸ் சீட்டில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்ப்பார்கள். சேர்வராயன் கோயில் குகையில் குனிந்து கும்பிடுவார்கள். கோடையில் வந்தால் இடியும் இலவசம்! மதியம் வரை பளிச்சென்று வெயில். மூணு மணிக்கு மேகம் கூடி அடிக்கிற அடியில், 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டுவந்த மலையே ஒரு தடவை அதிரும்.

அப்படி ஒரு மே மாத இடியில்தான் எஸ்டேட் நண்பரின் கம்ப்யூட்டர் போனது. 'பொட்'டென்று ஒரு சத்தம், லேசான கருகல் வாசனை. உள்ளே 11 வருஷக் கணக்கு: ஆள் கூலி, காபி, மிளகு... (பி.காம். படித்தவனுக்கு வயிறு கலங்காதா?) அதுகூடப் போகட்டும். போன வருஷம் காலமான அவருடைய அப்பாவின் போட்டோக்கள் அத்தனையும் அதில்தான். இன்னொரு காப்பி கிடையாது. 'ஏன் சார் எடுத்து வைக்கலை?' என்று கேட்க வாயெடுத்தேன். அவர் மனைவி ஏற்கெனவே கேட்டு முடித்த முகமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கினோம். சேலத்தில் ஒரு மாடி அறை மெக்கானிக், அதற்குக் கரன்ட் கொடுத்துக் காதருகே வைத்தார். சத்தமே இல்லை.

"நல்ல செய்தி சார்! டக் டக்னு அடிச்சா உள்ளே ஹெட்டு போச்சுன்னு பயப்படணும். பேசாம கிடந்தா, முதல் சந்தேகம் வெளி போர்டு மேலதான்."

டிஸ்க்கின் வயிற்றில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்களால் முடுக்கிய பச்சை போர்டு அது. கரன்ட் எகிறினால் தான் செத்து மற்றதைக் காப்பாற்ற ஒரு குட்டி டயோடு அதில் இருக்கிறது. இங்கே அதுவும் செத்து, மோட்டாரை ஓட்டும் சிப்பையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது.

அதே மாடல் போர்டை மாட்டினால் தீர்ந்தது என்றுதானே நினைப்பீர்கள்? தொண்ணூறுகளில் வந்த டிஸ்க்குகள் பலவற்றில் அது நடந்தது. பிறகு வந்தவற்றில் பெரும்பாலும் நடக்காது. ஒவ்வொரு டிஸ்க்கின் ஹெட்டும் ஒவ்வொரு தினுசு. அதற்கேற்ற அளவுகளைத் தொழிற்சாலையிலேயே போர்டில் உள்ள சிப்பில் எழுதிவிடுகிறார்கள். ஒருத்தர் மூக்குக்கண்ணாடியை இன்னொருத்தர் போட்ட கதைதான்!

சென்னை ரிச்சி தெருவிலிருந்து அதே போர்டு நம்பருள்ள பழைய டிஸ்க் வர நாலு நாள் ஆயிற்று. மெக்கானிக் சூடான காற்றை அடித்து, செத்த போர்டிலிருந்து அந்த எட்டுக் கால் சிப்பைப் பெயர்த்து, வந்த போர்டில் பற்றவைத்தார். சுண்டுவிரல் நகமளவுதான். அவர் மூச்சு விடவில்லை, நாங்களும்தான்.

'கிர்ர்ர்...'

கையோடு அத்தனையையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றினார். நண்பர் கணக்குப் பக்கமே போகவில்லை. மிளகுக் கொடி அருகே கவாத்துக் கத்தியோடு நின்ற அப்பாவைத் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவர் திட்டினா இடியைவிட சத்தமா இருக்கும்" என்றார்.